மூன்றாவது வரைவு

புகை விதியின் மூன்றாவது வரைவு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடியில் படிந்திருந்த கரியில், எண் இருந்த இடத்தை மட்டும் விரலால் துடைத்துப் படித்தாள் மரகதவல்லி. முதல் வரைவில் ஐம்பது மில்லிகிராமாக இருந்த ஆலைப் புகையின் வரம்பு, இரண்டாவதில் நூறாகி, இப்போது நூற்றைம்பதாகியிருந்தது. வீட்டில் அவள் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

“போன தடவையே வரம்பைக் கூட்ட வேணாம்னு சொன்னேனே சார். ஆலைக்காரங்க சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சா?”

“அவங்க எழுத்துல குடுத்தாங்கம்மா. வாயால சொன்னா செல்லாது,” என்றார் எழுத்தர் சபாபதி.

அவள் திரும்பி, கண்ணாடிக் கரியிலேயே விரலால் பெரிதாக எழுதினாள்: ‘என் மகள் மூச்சு விட வேண்டும்.’

“என்னம்மா இது, காலையிலதான் தொடச்சேன்,” என்று துணியோடு எழுந்து வந்தார் சபாபதி.

“காலையிலயா சார்?”

துணியோடு நீட்டிய அவர் கை கண்ணாடியருகே நின்றுவிட்டது.