சாவு வீட்டில் சிக்கிய எம்.பி.

எம்.பி. லோர்கன் மெல்வியின் கையைப் பிடித்த நோரீன், அதை விடுகிற மாதிரியே தெரியவில்லை.

இத்தனைக்கும் அது சாவு வீடு. முன்னறையில் கோட்டும் டையுமாக மலக்கி சவப்பெட்டியில் படுத்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்த ஊர், வாசல் தாண்டி வரிசையில் நின்றது.

அயர்லாந்தில், ஸ்லைகோ பக்கம் எங்கே சாவு விழுந்தாலும் எம்.பி. வந்து கை குலுக்கியாக வேண்டும். வராவிட்டால் அடுத்த தேர்தலில் அந்த வீட்டு ஓட்டு அத்தனையும் போச்சு.

"வெளிநாட்டு உதவி நிதியைக் குறைக்கப் போறாங்களாமே, லோர்கன்? ஆப்பிரிக்காவுல, மலாவியில பிள்ளைங்களுக்கு மருந்து அந்தப் பணத்துலதான் போகுது. குறைக்கக் கூடாது, கூட்டணும். டப்ளின் பார்லிமென்ட்ல எழுந்து பேசுவீங்களா?"

"பார்க்கலாம் நோரீன். இப்ப ஒரு துக்கத்துல..."

"பார்க்கலாம்னா? பேசுவீங்களா, மாட்டீங்களா?"

வரிசையில் பின்னால் நின்ற அட்ராக்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன ஜென்மமோ இவ! பொணத்தை நடுவீட்டுல வச்சுக்கிட்டு இதையா பேசுவா?" என்றாள் கணவன் டெஸ்ஸியிடம்.

"நீயும்தான் காரை விட்டு இறங்கினவரை மடக்கி, நம்ம தெருவுக்குத் தார் போடச் சொன்னே?"

"அது நம்ம தெரு! நம்ம விஷயம்! அதையும் காதோட காதா கேட்டேன். இவ கண்காணாத தேசத்துப் பிள்ளைங்களுக்காக ஊரையே நிறுத்தி வச்சிருக்கா."

டெஸ்ஸி குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவன்.

அதற்குள் வரிசையில் இருந்த தபால்காரர், "சொல்லிடுங்களேன் லோர்கன், கால் வலிக்குது" என்றார். "பேசினாத்தான் என்ன?" என்றது இன்னொரு குரல். எம்.பி. சுற்றிலும் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் ஓட்டு.

"சரிம்மா, பேசறேன்."

"எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க."

"பேசறேன்! குறைக்கக் கூடாதுன்னு பேசறேன், கூட்டணும்னும் பேசறேன். போதுமா?"

கைதட்டப் போன ரெண்டு மூன்று பேர், மலக்கி நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

அட்ராக்டாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வரிசையை விட்டு விலகி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலக்கியின் மனைவி பிரீடிடம் போனாள்.

"மனசுல வச்சுக்காதே பிரீட். உன் புருஷன் சாவுல வந்து இப்படி ஒருத்தி மரியாதை இல்லாம... நீ ம்னு சொல்லு, நானே அவளை வெளியில அனுப்பிடறேன்."

அழுது வீங்கியிருந்த பிரீடின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஐயோ வேணாம், பாவம். ஒரு டீ கொண்டுபோய்க் கொடு. காலையிலேர்ந்து அவ அந்த இடத்தை விட்டு நகரல. அங்க நிக்க வச்சதே நான்தான்."

"நீயா?"

"வாலிபத்துல இவர் மலாவியில மருந்து லாரி ஓட்டினவர், அட்ராக்டா. மருந்து தீர்ந்துபோச்சுன்னு வெறுங்கையோட திரும்பின தாய்மாருங்களைக் கடைசி வரைக்கும் இவரால மறக்க முடியல. இதைச் சொல்லத்தான் எம்.பி. ஆபீசுக்கு அப்படி நடந்தார். ஒரு தடவைகூட ஆளைப் பார்க்க முடியல."

பிரீட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம், படுத்த படுக்கையில இருந்துக்கிட்டுச் சிரிக்கிறார். 'உயிரோட இருக்கிறவனைப் பார்க்க அந்த மனுஷனுக்கு நேரம் இல்ல பிரீட். ஆனா என் சாவுக்குக் கட்டாயம் வருவான். அப்பக் கேட்டுடுங்க'ன்னார்."