ஜப்பான் அலமாரி

"சார், அந்தப் பொம்பளை மறுபடியும் வந்துருச்சு," என்று சூப்பர்வைசரின் காதைக் கடித்தான் செக்யூரிட்டி.

சூப்பர்வைசர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சொந்த மச்சான் கடைக்கு வந்தாலும் பையைத் திறந்து பார்க்கிற ஆள் அவர். விடுவாரா?

ஷாப்பிங் சென்டரின் இரண்டாவது மாடியில் கடை. அதில் புதிதாக ஜப்பான் அலமாரி ஒன்று வைத்திருந்தார்கள். கழுத்தில் கோலிகுண்டு அடைத்த சோடா, கடல்பாசி சுற்றிய பிஸ்கட், தொட்டால் அமுங்குகிற அரிசி மாவு உருண்டை. எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து, ஒரு அட்சரம் புரியாது. வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், ஆசைக்கு ஒன்றிரண்டு வாங்குவார்கள்.

இந்தப் பெண் மட்டும் வாங்குவதே இல்லை. மூன்று வாரமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறாள். பாக்கெட்டைத் திருப்புகிறாள், செல்போன் கேமராவில் காட்டி என்னவோ படிக்கிறாள், அக்கம்பக்கம் பார்க்கிறாள். கை பைக்குள் போகிறது, வெளியே வருகிறது.

"எடுக்கிறாளா?"

"எடுக்கல சார். என்னமோ ஒட்டுறா."

"அப்ப விலை லேபிளை மாத்துறா. ஒட்டுறது இவ, வந்து வாங்குறது இவ கூட்டாளி. எங்கிட்டயேவா?"

இருவரும் சத்தமில்லாமல் அவள் பின்னால் போய் நின்றார்கள்.

"ஏம்மா, பையைத் திற."

அவள் பையைத் திறந்து காட்டினாள். பைக்குள் ஒரு பேனாவும் சிவப்பு ஸ்டிக்கர் கட்டும்தான் இருந்தன. சூப்பர்வைசர் அவள் கையிலிருந்த உருண்டைப் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். ஸ்டிக்கரில் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'உள்ளே வேர்க்கடலை இருக்கு. ஒத்துக்காதவங்க சாப்பிடாதீங்க.'

பிஸ்கட்டில், 'மீன் தூள் கலந்திருக்கு.' சாக்லேட்டில், 'இதுல மது இருக்கு. பிள்ளைங்களுக்கு வேண்டாம்.'

செக்யூரிட்டி தலையைச் சொறிந்தான்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றே? போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று அதட்டினார் சூப்பர்வைசர்.

"கூப்பிடுங்க சார். ஸ்டிக்கரை மட்டும் கிழிச்சிடாதீங்க." அவர் கையிலிருந்த பெட்டியைக் காட்டினாள். "என் பொண்ணுக்குக் கடலை ஆகாது. போன மாசம் இதே உருண்டையைக் கையில வச்சுக்கிட்டு, இதுல கடலை இருக்கான்னு இங்கதான் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல, தைரியமா குடுங்கன்னு சொன்னாங்க. வீட்டுக்குப் போய் ஒரு கடிதான் கடிச்சா. மூச்சு அடைச்சுப்போச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா, பிழைச்சு வந்ததே பெரிசு."

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. கடைப் பேர் என்ன ஆவது?

"படிக்கத் தெரியாத எழுத்தை வச்சுக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னவன் எவன்?" எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். "ஆளைக் காட்டுங்கம்மா. இந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பறேன். அன்னிக்கே ஏன் வந்து புகார் குடுக்கல?"

"குடுக்கத்தான் வந்தேன். அவருக்கும் குடும்பம் இருக்கும், வேலை போயிட்டா என்ன பண்ணுவார்னு மனசு கேக்கல. அதான் ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தேன்."

"பாவம் பார்க்காதீங்கம்மா. சும்மா சொல்லுங்க, யார் அது?"

அவள் கொஞ்சம் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கதான் சார்."