ஸ்மர்க்

மீன் பொதியிடும் தொழிற்சாலையில், கர்ப்பிணி ஒருத்திக்கு உட்காரக் கதிரை கேட்டாள் ஜெஸீமா. மறுநாளே ஜெஸீமாவை வேலையிலிருந்து நீக்க விசாரணைக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது.

விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து மனேஜர் வந்திருந்தார். புகார் கொடுத்த மேற்பார்வையாளர் சப்ரினும் இருந்தான்.

"சேர், கதிரை கேக்கக்குள்ள நான் 'ஸ்மர்க்' பண்ணினண்டு எழுதியிரிக்கி. அப்பிடியெண்டா என்ன?"

"மற்றவங்கள மட்டமா நினைச்சு உதட்டக் கோணிச் சிரிக்கிறது."

"புன்சிரிப்பில்லையா?"

"அது ஸ்மைல். இது திமிர்ச் சிரிப்பு."

ஜெஸீமா சப்ரின் பக்கம் திரும்பினாள். "எந்தப் பக்கம் கோணினன்?"

"இடப்பக்கம். பல்லும் தெரிஞ்சிச்சு. பொதியிடுற அறைக்குள்ள என்ட ரெண்டு கண்ணாலயும் பாத்தன்!"

மனேஜர் அதை எழுதிக்கொண்டார்.

"அதுக்குக் கீழ அவர ஒப்பம் வைக்கச் சொல்லுங்க சேர்."

சப்ரின் வைத்தான்.

"சேர், வாயும் மூக்கும் மூடுற மாஸ்க் போடாம அந்த அறைக்குள்ள ஒருத்தரும் போக ஏலா. வாசல்ல நிண்டு பாத்துப் பாத்து உள்ளுக்கு விடுறதே இவர்தான். அண்டைக்கு என்னையும் இவர்தான் விட்டார்."

மனேஜரின் பேனா நின்றது.

ஜெஸீமா எழுந்தாள்.

"மன்னிப்ப எழுத்தில தரச் சொல்லுங்க சேர். எனக்கு விளங்குற தமிழ்ல."