முப்பத்தொன்றாவது அறை

குடைக்காரர் உறையைப் பிரிக்கவில்லை. இருமுறை திருப்பிப் பார்த்தார்.

அலமாரியின் பக்கத்தில் நின்றிருந்த அஞ்சல்காரர் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடில்லாதவர்களுக்கு முகவரியும் இருப்பதில்லை. ஆகவே அந்த ஊரின் கிறிஸ்தவ ஆலயம் தன் முகவரியையே அவர்களுக்குக் கொடுத்திருந்தது. பின்கூடத்து அலமாரியில் புறாக்கூடுகளைப் போல முப்பத்தொரு சிற்றறைகள். ஆளுக்கு ஒன்றாக முப்பதில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. கடைசிக் கூட்டுக்கு மட்டும் புறா இல்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சலகத்தில் கடிதங்களை வகைபிரித்து ஓய்வுபெற்றவர் அஞ்சல்காரர். புதன்கிழமைதோறும் பிற்பகலில் இங்கே தேநீர் ஊற்றுவதும் அலமாரியைக் கவனிப்பதும் அவருடைய தொண்டு. வருகிறவர்கள் அவரவர் அறையை எட்டிப் பார்ப்பார்கள், தேநீரைக் குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

எப்போதும் கையில் குடையோடு வரும் குடைக்காரர் ஒருவர்தான், தம் அறை வெறுமையாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், நேரே வந்து கேட்பார்.

"நமக்கு ஏதாவது வந்திருக்கா சார்?"

"இந்த வாரம் இல்லைங்க."

இரண்டு ஆண்டுகளாக இதே கேள்வி, இதே பதில். அதன்பின் மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் கால்மணி நேரப் பேச்சு.

'இல்லை' என்று சொல்லிச் சொல்லி அஞ்சல்காரருக்கு நாக்குக் கூசிற்று. ஒருநாள் அலுத்துப்போய் இவர் வராமலே நின்றுவிட்டால்?

இந்த வாரம் துணிந்து, இடக்கையால் அவரே ஒரு கடிதம் எழுதி அறையில் வைத்துவிட்டார். 'உங்கள் பழைய நண்பன்' என்று முடித்திருந்தார். குட்டு வெளிப்பட்டால், பிச்சை போட்டதாக நினைத்துக் குடைக்காரர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

"என்னண்ணே, சம்பந்தி வீட்டுலேருந்தா? படிச்சிட்டு எங்களுக்கும் ரெண்டு வரி சொல்லுங்க!" என்று தேநீர்க் கோப்பையோடு ஒருவர் சீண்டினார்.

குடைக்காரர் சிரித்தார். "எழுத்து அழகா இருக்கு சார். எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கு."

அப்போதுதான் அஞ்சல்காரர் கவனித்தார். உறையில் ஊர்ப்பெயரின் அடியில் இரட்டைக் கோடு. வகைபிரித்த காலத்துப் பழக்கம் இடக்கையையும் விட்டுவைக்கவில்லை.

அலமாரியில் அவர் எழுதி ஒட்டிய முப்பது பெயர்ச்சீட்டுகளிலும் அதே இரட்டைக் கோடு.

குடைக்காரர் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அஞ்சல்காரர் திரும்பியபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. குடையும் இல்லை. உறையைக் குப்பைக்கூடையில் தேடினார், அங்கேயும் இல்லை.

பூட்டுவதற்கு முன், வழக்கம்போலக் கடைசி அறைக்குள் கையை விட்டார். தூசி பார்ப்பதாகப் பாதிரியாரிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தார்.

விரலில் தாள் தட்டுப்பட்டது.

'தூசி பார்ப்பவர் கையில் துணி இருக்கும். உங்கள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. எனக்குக் கடிதம் எழுத ஆளில்லை என்று தெரிந்துதான் வாராவாரம் கேட்டேன். உங்களிடம் வந்து ஏதாவது கேட்கவும் ஆளில்லை என்று தோன்றியது. இந்த வாரம் உங்களுக்கு வந்திருக்கிறது.'

கடைசி வரியின் அடியில் இரட்டைக் கோடு.

வீட்டை விற்று வாடகை அறைக்குப் போனபோது, கடல் கடந்து வாழும் மகனுக்கு அஞ்சல்காரர் எழுதி அனுப்பியது இந்த ஆலயத்தின் முகவரியைத்தான். அது நடந்து ஆறு ஆண்டுகள்; கடைசி அறைக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை.

இருமுறை படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்தார். சட்டைப்பைக்குக் கொண்டுபோன கையைத் திருப்பி, தாளை மறுபடியும் அந்த அறைக்குள்ளேயே வைத்தார்.

அடுத்த புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம்.