யார் சொன்னது?

கட்சித் தலைவர் உள்ளே வந்ததும் சட்டமன்ற உறுப்பினரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். பின்னால் வந்த பொருளாளர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் பார்த்திருந்தால் சாவு வீடு என்றே நினைத்திருப்பார்கள்.

சாவு அந்த வீட்டில் போன வருஷமே விழுந்துவிட்டது. உறுப்பினரின் மனைவி போனபோது தலைவருக்கு வர நேரமில்லை, மலர்வளையம்தான் வந்தது. இப்போது அவரே வந்திருப்பது வேறு காரியமாக.

பாலம் கட்டும் ஒப்பந்தத்தில் உறுப்பினர் லஞ்சம் வாங்கினார் என்று லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் புகார் போயிருந்தது. மறுநாள் வீட்டைச் சோதனை போட வருகிறார்கள் என்று அந்தத் துறையில் இருந்த கட்சிக்கு வேண்டிய ஒருவர் தலைவர் காதில் போட்டுவிட்டார். புகார் போன விஷயம் நாலைந்து நாளாகவே ஊரெல்லாம் பேச்சாகி, நிருபர்கள் கேட்டருகே வந்து நின்றுவிட்டார்கள்.

பேச்சு கிளம்பியதிலிருந்து வீட்டுப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. சமையல்காரம்மாகூட உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டார். மிஞ்சியது டிரைவர் ஒருவன்தான். கடையிலிருந்து சாப்பாடு வாங்கி வந்து, "ரெண்டு வாய் சாப்பிடுங்கண்ணே" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வான். இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டான்.

அந்தக் கட்சிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. இப்படி ஏதாவது கிளம்பினால், 'வாங்கினாயா' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அதே கேள்வி திரும்பி வருமே. 'யார் சொன்னது' என்றுதான் கேட்பார்கள். தலைவரும் அதைத்தான் கேட்டார்.

எதிர்க்கட்சிக்காரனாக இருக்குமோ என்று ஒரு பேச்சு வந்தது. அவனுக்கு இவ்வளவு சுறுசுறுப்பு இருந்தால் போன தேர்தலிலேயே ஜெயித்திருப்பானே என்றார் பொருளாளர். ஒப்பந்தக்காரர் சொல்லமாட்டார். சொன்னால் அவரும் கூடச் சேர்ந்து களி தின்ன வேண்டியதுதான்.

"புகார் கொடுத்தவன் பேரு தெரியலையா?" என்று உறுப்பினர் கேட்டார்.

"அதை மட்டும் வெளியில விடமாட்டேங்கறாங்க தம்பி. ஆனா வீட்டு ஆளுதான். பணப்பை உள் ரூம்ல, கட்டிலுக்கு அடியில, போர்வைக்குப் பின்னாடி இருக்குங்கற வரைக்கும் புட்டுப் புட்டு வெச்சிருக்கான்" என்றார் தலைவர்.

உள் அறை, மனைவி கடைசியாகப் படுத்திருந்த அறை. அதைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, உறுப்பினர் ஹால் சோபாவில்தான் படுக்கிறார். பை வந்த அன்று ஒரு தரம் திறந்ததோடு சரி. அவள் கட்டிலுக்கு அடியில் அதை வைத்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.

பொருளாளர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். வெளியே டிரைவர் தலைவருடைய காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, தூசியாக இருக்கிறதே என்று தானாகத்தான் துடைத்தான்.

"இந்த வீட்டுக்கு இன்னும் வந்து போறவன் இவன் ஒருத்தன்தானே?" என்றார் பொருளாளர்.

"அவன் ஹாலைத் தாண்டி உள்ள வந்ததே இல்லை" என்றார் உறுப்பினர்.

"நீங்க தூங்கறப்ப சாவியை எடுத்திருப்பான். தனியா இருக்கிற மனுஷனுக்கு யாரைப் பார்த்தாலும் சொந்தமாத்தான் தெரியும், தம்பி."

தலைவர் அதைப் பரிவோடுதான் சொன்னார்.

பிறகு மளமளவென்று காரியம் நடந்தது. பாம்பும் சாகவேண்டும், கம்பும் உடையக்கூடாது என்றார் பொருளாளர். இருட்டுவதற்குள் பை டிரைவர் வீட்டுப் பரணுக்குப் போய்விடும். உறுப்பினர் பெயரைச் சொல்லி அவன்தான் வாங்கினான், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் பழியை முதலாளிமேல் போட்டுப் புகாரும் கொடுத்தான் என்று சொல்லிவிடலாம். அவன் மனைவியையும் இரண்டு பெண்களையும் கட்சி பார்த்துக்கொள்ளும். கட்சி பார்த்துக்கொள்வது எப்படி என்று உறுப்பினருக்குத் தெரியும், பாவம். இந்த ஒரு வருஷமாக அவரையும் கட்சிதான் பார்த்துக்கொண்டது.

"அவனுக்கு எத்தனை வருஷம் ஜெயில் ஆகும்?" என்று கேட்டார்.

"அதையெல்லாம் இப்ப எதுக்கு நினைக்கறீங்க? நிருபர்கள் காத்துக்கிட்டிருக்காங்க. கூட இருந்தவனே ஏமாத்திட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மத்ததை நாங்க பார்த்துக்கறோம். உங்களைக் கைவிட்டுருவோமா?" என்றார் தலைவர்.

உறுப்பினர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார். தலைவர் அவர் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனார்.

டிரைவர் ஓடிவந்து கேட்டைத் திறந்தான். நெருக்கித் தள்ளிய கூட்டத்தைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், அண்ணன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றான்.

தலைவர் முதலில் பேசினார். கட்சி எதையும் மறைக்காது, தம்பியே உண்மையைச் சொல்வார் என்று ஒதுங்கி வழிவிட்டார். மைக்குகள் எல்லாம் உறுப்பினர் பக்கம் திரும்பின. அவர் டிரைவரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பணம் வாங்கினதும் நான்தான், புகார் கொடுத்ததும் நான்தான்."