குழந்தைவேலுவின் வேண்டுதல்

"அந்தப் பொண்ணை நம்ம ஸ்கூல்ல சேர்த்தா, என் மவன் சீலனை நான் நிறுத்திப்புடுவேன். சொல்லிட்டேன்!"

பங்குனி உத்திரக் கூட்டத்துக்கு நடுவிலும் குழந்தைவேலு ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். மெர்போக் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் பெற்றோர் சங்கத் தலைவர். கோவிலுக்கும் பள்ளிப் பெயர் போட்ட டீ-சட்டையில்தான் வந்திருந்தார். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்பது மனைவி நளினிக்குத்தான் தெரியும்.

ஃபோனை வைத்ததும் நளினி கேட்டாள்.

"அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு, பாவம்?"

"எச்.ஐ.வி. இருக்குடி! பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்துச்சாம். நம்ம மவன் பக்கத்துல வந்து உட்கார்ந்தா?"

"உட்கார்ந்துட்டுப் போகட்டுமே! பக்கத்துல உட்கார்ந்தா, சேர்ந்து சாப்பிட்டா ஒட்டாதுன்னு டாக்டரே வந்து சொன்னாங்கல்ல? நீங்கதான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீங்க."

"டாக்டருக்கு என்ன, அவங்க பிள்ளையா அங்க படிக்குது? நாளைக்கு மீட்டிங். ஒரே பேச்சு, முடிச்சிடுவேன்."

முடி இறக்கும் கொட்டகையில் நீள வரிசை. சீலனுக்கு மட்டும்தான் மொட்டை. நீங்களும் போட்டுக்கலாமே என்று நளினி சொல்லிப் பார்த்தாள். நேற்றுதான் டை அடித்த தலை. முருகனே வந்து கேட்டாலும் கிடைக்காது.

சீலனுக்கு முன்னால் ஒரு பெண். பதினாலு வயசு இருக்கும். இடுப்பு வரை இருந்த முடியை இறக்கிவிட்டு எழுந்தாள். சீலன் பலகையில் உட்கார்ந்தான். முடி இறக்குகிற முனியாண்டி புது பிளேடுக்காக டப்பாவைத் தேடினார்.

"அட, அதே பிளேடு போதும்லா! நல்லாத்தானே வெட்டுது. வெயில் ஏறுது பாருங்க," என்று அவசரப்படுத்தினார் குழந்தைவேலு.

முனியாண்டியும் களைத்துப் போயிருந்தார். சரியென்று கத்தியைச் சீலன் தலைப் பக்கம் கொண்டுபோனார்.

"வேணாம்ணே!"

அந்தப் பெண் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"ஒருத்தருக்குப் போட்ட பிளேடை இன்னொருத்தருக்குப் போடக்கூடாதுண்ணே. என் தலையில கீறல் பட்டிருக்கு. புதுசு போடுங்க."

முனியாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டு பிளேடை மாற்றினார். பழையது குப்பை டின்னுக்குள் விழும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

குழந்தைவேலு அசந்துபோனார்.

"பார்த்தியா நளினி! என்ன பொறுப்பு, என்ன அறிவு! இந்த மாதிரி பிள்ளைகூட சேர்ந்தாதான் நம்ம மவன் உருப்படுவான்." அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னம்மா வேண்டுதல்?"

"ஸ்கூல்ல இடம் கிடைக்கணும்னு, அங்கிள். அம்மா இறந்துட்டாங்க. எங்க ஊர் மெர்கோங்லேருந்து இங்க அத்தை வீட்டுக்கு வந்துட்டேன். இங்க ஸ்கூல்ல என்னைச் சேர்க்கக்கூடாதுன்னு சொல்றாங்க."

"உன்னையா? எந்த மடையன் சொன்னான்?"

குழந்தைவேலு நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் பெற்றோர் சங்கத் தலைவர்மா. எந்த ஸ்கூல்னு மட்டும் சொல்லு. நானே வந்து பேசிச் சேர்த்துவிடுறேன். இந்த முருகன் மேல சத்தியம்!"

சந்தனம் பூசிய தலையோடு அந்தப் பெண் அவருடைய டீ-சட்டையையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"இந்த ஸ்கூல்தான், அங்கிள்."

நளினி கணவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சீலன் மொட்டையோடு எழுந்தான்.

"அடுத்து யாருலா?" என்றார் முனியாண்டி.

குழந்தைவேலு டை அடித்த முடியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்களா! உங்களுக்கு என்ன வேண்டுதல்?"

"இந்தப் பொண்ணுக்கு எங்க ஸ்கூல்ல இடம் கிடைக்கணும்னு."