பத்தொன்பதாவது பெட்டி

"இதுவும் பெயின்ட்தாண்ணே," என்றாள் பரிசோதனை மையத்துப் பிலோமினா. இஸ்மாயில் தன் கொசுத்தேனீப் பெட்டியிலிருந்து மருந்துக்காகச் சுரண்டிக் கொண்டுவந்த பிசினில், புண்ணை ஆற்றும் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து துளியும் இல்லை என்று கருவி காட்டியது. அன்றைக்கு அவள் திருப்பியனுப்பும் நாற்பதாவது டப்பா அது.

"வேற எந்த மருந்துக்கும் மக புண்ணு ஆறலம்மா. எங்க பக்கம் மரமே கிடையாது. தேனீ மரப்பாலுக்குப் பதிலா கதவுப் பெயின்ட்டத்தான் வழிச்சுட்டு வருது," என்றார் இஸ்மாயில்.

பிலோமினா ஒரு சீட்டில் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

"எங்க கொல்லையில ஒரு பலாமரம் நிக்குது. பெட்டிய அங்க கொண்டாந்து வச்சிடுங்க."

அந்த மரத்தடியில் ஏற்கெனவே இவரைப் போல வந்தவர்களின் பதினெட்டுப் பெட்டிகள் இருந்தன. தேனீக்கள் எடுத்துப் பிசினாக்கப் பால் வடியட்டும் என்று தினமும் மரப்பட்டையைக் கீறிவிடுவாள். அன்று காலை பட்டையில் கத்தி வைக்கக் கீறாத இடமே கிடைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லாமல் அடுத்த டப்பாவைத் திறந்தாள்.